சீஸைத் திட்டாதீங்க, ராஜ்மாவை ஒழுங்கா வேக வைங்க

மக்களே, கொஞ்சம் கோபத்தோடதான் இந்த த்ரெட்.

வீட்டு பார்ட்டிக்கு சூடான சீஸ் பீன்ஸ் டிப். ரீல்ஸ்ல சொல்றது இவ்வளவுதான்: ஊறின ராஜ்மாவை ஸ்லோ குக்கர்ல கொட்டு, சீஸைத் துருவிப் போடு, 'லோ'வில் வெச்சிட்டு மறந்துடு. அப்படி மறந்துட்டுப் போன ஒரே வீட்டு ஆட்கள் ஆறு பேர், ஒரு நைட் ட்யூட்டியில எங்க கேஷுவாலிட்டிக்கு வாந்தியோட வந்தாங்க.

"சீஸ் கெட்டுப்போச்சு போல டாக்டர்." கூட வந்த பெரியவர், "வெள்ளைக்காரன் சாப்பாடு நமக்கு எதுக்கு?"ன்னார். நான் கேட்டது ரெண்டே கேள்வி. எவ்வளவு நேரத்துல வாந்தி? ரெண்டு மணி நேரம். ராஜ்மா நல்லா கொதிச்சுதா? பதில் இல்லை. (நேரத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, கெட்டுப்போன சாப்பாட்டாலும் இவ்வளவு சீக்கிரம் வாந்தி வரும். அதனாலதான் ரெண்டாவது கேள்வி.)

பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது அதன் அளவு 20,000 முதல் 70,000 அலகு. முழுசா வெந்த பிறகு 200 முதல் 400. சரியாக வேகாத நாலைந்து கொட்டையே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி, பிறகு பேதி. இதைவிட மோசமான விஷயம்: 80 டிகிரி வரை மட்டும் சூடான பீன்ஸ், பச்சை பீன்ஸை விட ஐந்து மடங்கு வரை நச்சாகலாம் என்று அமெரிக்க எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. ஸ்லோ குக்கர் 'லோ'வில் பல நேரம் அந்தச் சூட்டைத் தாண்டாது. கொட்டை மெத்துன்னு ஆகிடும், நீங்களும் வெந்துடுச்சுன்னு நம்பிடுவீங்க.

அப்போ அமெரிக்காவுல இதையே வாரா வாரம் பண்றாங்களே? அவங்க போடுறது பெரும்பாலும் டின் பீன்ஸ். டின்னை மூடி, கொதிநிலைக்கு மேலே அழுத்தத்தில் ஏற்கெனவே வேக வெச்சாச்சு. சூடு பண்ணினா போதும். இங்கே ரீல்ஸ் போடுறவங்க டின்னை எடுத்துட்டு அந்த இடத்துல காய்ந்த ராஜ்மாவை வெச்சாங்க. டின்னுக்குள்ள ஒளிஞ்சிருந்த அந்த வேக வைக்கிற வேலையை மட்டும் விட்டுட்டாங்க. கமெண்ட்ல ஒருத்தர் கேட்டதுக்கு "ஊறவெச்சா போதும் சிஸ்"னு பதில் வேற! லட்சம் பேர் பார்க்கிற வீடியோவில் ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்?

ஜப்பானில் 2006-ல் ஒரு டிவி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸை மூணு நிமிஷம் வறுத்துப் பொடியாக்கி சாப்பிட்டா எடை குறையும்னு சொல்லிச்சு. நூறு பேருக்கு மேல் வாந்தி, பேதி. அதுவும் இதே புரதம்தான்.

சரி, டிப் வேணுமா? தாராளமா பண்ணுங்க. ராஜ்மாவை ராத்திரி முழுக்க ஊறவைங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. புதுத் தண்ணியில பிரஷர் குக்கர், ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைச்சு இருபது நிமிஷம். குக்கர் இல்லையா? பாத்திரத்துல தளதளன்னு அரை மணி நேரம் கொதிக்கணும், அப்புறம் மெத்துன்னு ஆகிற வரைக்கும் வேகணும். மசிச்சுக்கோங்க. வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் வதக்கி அதுல சேருங்க, கொஞ்சம் பால் ஊத்துங்க. சீஸ் கடைசியில, அடுப்பை அணைச்சிட்டு. கொதிக்கும்போது போட்டா எண்ணெய் தனியா பிரிஞ்சு ரப்பர் மாதிரி ஆகிடும்.

"அப்போ ஸ்லோ குக்கரைத் தூக்கிப் போடணுமா டாக்டர்?" வேண்டாம். வெந்த டிப்பை மேஜையில சூடா வெச்சிருக்க அதுதான் வசதி. அது இல்லாம வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்த மிச்சத்தைக் கொட்டிடுங்க.