நன்மையில் குறை தேடும் கண்



1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'அமேசிங் ஸ்பைடர்மேன்' சித்திரக்கதையின் முதல் இதழில், பழுதுற்ற விண்கலத்தில் சிக்கிய வீரரைச் சிலந்தி மனிதன் காப்பாற்றுகிறான். அவ்வீரரின் தந்தை நாளிதழ் அதிபர் ஜேம்சன். மகன் உயிர் பிழைத்திருக்க, கலத்தைப் பழுதாக்கியவனே அவன்தான் என்று அவர் நாளிதழ் முழங்குகிறது; மக்களும் நம்புகின்றனர். நிகழ்ந்ததை மறுக்க இயலாதபோது, செய்தவன்மீது பழி சுமத்துவது எளிதன்றோ?

1964-இல், பத்தாம் இதழில், ஜேம்சன் தனிமையில் உண்மையை ஒப்புக்கொள்கிறார். பொருள் சேர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த அவருக்கு, கைம்மாறு கருதாதவனின் நன்மை பொறுக்கவில்லை.

நமக்குப் பிடிக்காதவர் செய்த உதவிக்கு நாமும் உள்நோக்கம் கற்பித்ததில்லையா? இனியேனும் காரணம் தேடுமுன் நன்றி கூறுவோம்.