உடம்பும் ஆலயமே: மடியில் முடிந்த குப்பி

குற்றாலத்தில் அருவிக்கரையில் எழுந்தருளியிருக்கும் குற்றாலநாதருக்கு மூலிகைக் கஷாயம் நிவேதனம் செய்யும் வழக்கம் உண்டு. சாரலும் மலைக்காற்றும் ஓயாது படுகின்ற இடத்தில் இருப்பவரைக் குளிர் தாக்கிவிடக் கூடாதே என்று அன்பர்கள் பட்ட கவலை அது. அகத்திய முனிவர் திருமுடியில் கைவைத்து அழுத்தியதால் உண்டான தலைவலி தீரவேண்டும் என்று அவருக்குத் தைலமும் சாத்துகிறார்கள். இறைவனுக்கே ஜலதோஷம் வந்துவிடுமோ என்று அஞ்சிய சீமை எங்களுடையது. ஆகவே அடியேனுக்கு அது வந்ததில் வியப்பில்லை. வந்ததை நான் கையாண்ட விதத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சொல்வதற்குச் சற்றே வெட்கமாகவும் இருக்கிறது.

எங்கள் சிவகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் இங்கே காற்றுக் காலம். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் ஒருமுறை நின்றவர்களுக்கு அந்தக் காற்றின் வேகத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குற்றாலத்தில் அது சாரலைக் கொண்டுவருகிறது. எங்கள் தெருவில் சாரலோடு புழுதியையும் கொண்டுவருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் ஆனி மாதத்தில், அருவியில் நீராடித் திரும்பிய மறுநாள் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மருந்துக் கடையில் இருந்த பையன், “தாத்தா, ரெண்டு சொட்டு விடுங்க, அஞ்சு நிமிஷத்துல திறந்துரும்” என்று சொல்லி ஒரு சிறு குப்பியைக் கொடுத்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஐந்து நிமிடத்தில் திறந்தது. பூட்டிக் கிடந்த சந்நிதிக் கதவு திறந்தாற்போல இருந்தது. அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

ஜலதோஷம் ஒரு வாரத்தில் போயிற்று. குப்பி போகவில்லை. காலையில் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை என்றிருந்தது, பிறகு மதியமும் சேர்ந்துகொண்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இரவு 2 மணிக்கு மூச்சு முட்டி விழித்து, இருட்டில் தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறேன். வீட்டில் ஒன்று, பையில் ஒன்று, வேட்டி மடியில் ஒன்று என்று மூன்று குப்பிகள். கோயிலுக்குப் புறப்படும்போது திருநீற்றுப் பையை மறந்தாலும் மறப்பேன், அதை மறந்ததில்லை. இப்படி இரண்டு ஆண்டுகள் சென்றன.

இதைக் கெட்ட பழக்கம் என்றே நான் எண்ணவில்லை. வெற்றிலை, புகையிலை, பொடி எதையும் தொடாதவன் என்ற பெருமை வேறு இருந்தது. மூக்குப்பொடி போடும் நண்பர் ஒருவருக்கு நானே உபதேசம் செய்திருக்கிறேன், மடியில் குப்பியை வைத்துக்கொண்டு!

எனக்கு உறைத்தது திருப்புகழால். எங்கள் ஊர் பாலசுப்பிரமணிய சுவாமி சந்நிதியில் கிருத்திகைதோறும் சிலர் கூடித் திருப்புகழ் பாராயணம் செய்வோம். அருணகிரிநாதரின் சந்தம் மூச்சைக் கேட்கும் சந்தம். இடையில் நிறுத்தினால் தாளம் கெட்டுவிடும். மருந்தின் வேகம் தணிந்த வேளையில் பாடினால் என் வாயில் மெல்லினமே எழவில்லை. மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என்று நன்னூல் சொல்வதைப் பள்ளியில் படித்தோமே, அதை என் உடம்பே மெய்ப்பித்துக் காட்டியது. “முருகா” என்று அழைக்கிறேன். “புருகா” என்று வருகிறது. பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் எழுந்து தூணுக்குப் பின்னால் போய், சுவாமிக்கு முதுகைக் காட்டி, மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டு வந்தேன். அந்த நிலை இன்றும் கண்முன் நிற்கிறது.

சில நாள்களுக்குப் பின் இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது மேல் அளவு 170-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறவன் நான். தென்காசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரான ஓர் அம்மையாரிடம் அனுப்பினார்கள். “வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா ஐயா?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை அம்மா” என்றேன். கூட வந்திருந்த என் மனைவி, “மடியில இருக்கிறதை எடுத்துக் காட்டுங்க” என்றாள்.

குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, டார்ச் விளக்கடித்து மூக்கினுள் நோக்கினார். “உங்களுக்கு இப்போ சளி இல்லை ஐயா. இந்த மருந்துதான் இப்போ உங்க நோய்” என்றார்.

அவர் விளக்கியதை அன்பர்களுக்கும் சொல்கிறேன். மூக்கின் உள்ளே, இருபுறச் சுவர்களிலும் சுருண்ட மடல்கள் உள்ளன. அவற்றில் இரத்தக் குழாய்கள் செறிந்திருக்கின்றன. குழாய்கள் விரிந்தால் மடல் பருத்து வழியை அடைக்கிறது. சுருங்கினால் வழி திறக்கிறது. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் அந்தக் குழாய்களை இறுகப் பிடித்துச் சுருக்குகின்றன. மருந்தின் பிடி தளர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்து மடல் வீங்குகிறது. அதைக் கண்டு மறுபடியும் சொட்டு விடுகிறோம். நாளடைவில் குழாய்கள் மருந்துக்குப் பழகிப்போய், தொடக்கத்தில் பத்து மணி நேரம் நின்ற பயன் நான்கு மணி, இரண்டு மணி என்று குறைகிறது. ஜலதோஷம் என்றைக்கோ போயிருக்க, மருந்து உண்டாக்கிய அடைப்பை அதே மருந்தால் திறந்துகொண்டிருப்போம். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்குமேல் இவற்றைத் தொடரக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். குப்பியின் மேலும் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. பொடி எழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நான் படித்ததில்லை.

இது புதிதாகக் கண்டறிந்த சங்கதியும் அன்று. ஜப்பானிய அறிஞர் நாகாய் 1885-இல் எபெட்ரின் என்ற பொருளை ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்தார். பின்னாளில் அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும் மூக்கு மருந்தாயின. மருந்தால் வரும் இந்த மூக்கடைப்புக்கு 1946-இல் லேக் என்ற மருத்துவர் ஒரு தனிப் பெயரே சூட்டிவிட்டார். ஆனாலும் இந்தக் கதை இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லை.

முதியவர்களாகிய நாம் மேலும் ஒரு காரணத்துக்காக அஞ்சவேண்டும். இரத்தக் குழாயைச் சுருக்குவது மூக்கோடு நின்றுவிடும் என்று உறுதியில்லை. இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகை, நீரிழிவு, கண்ணில் நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேளாமல் இச்சொட்டு மருந்தைத் தொடக்கூடாது. சொட்டு வேண்டாம் என்று கடையில் ஜலதோஷ மாத்திரை கேட்டு வாங்குகிறவர்களும் கவனிக்கவேண்டும். அவை பலவற்றில் இதே இனத்து மருந்து கலந்திருக்கிறது. பெரியவர்களுக்கு வாங்கிய குப்பியைப் பேரக் குழந்தையின் மூக்கில் விடுவதோ, குழந்தையின் கைக்கு எட்டும்படி வைப்பதோ பெரும் ஆபத்து. சிறிதளவு விழுங்கினாலே குழந்தை மயங்கி, மூச்சும் நாடியும் தளர்ந்துவிடக்கூடும்.

இனி விட்ட கதை. அன்றே குப்பியைத் தெருவில் வீசிவிடுவதாக நான் வீராப்புப் பேசினேன். மருத்துவ அம்மையார் சிரித்தார். “அப்படிப் போட்டுட்டு மூணாம் நாள் ராத்திரி கடைக்கதவைத் தட்டினவங்க நிறைய பேர் ஐயா” என்று சொல்லி, வேறு வழி காட்டினார். ஒரு நாசியை மட்டும் முதலில் விடுவிப்பது. வலப்பக்கம் வழக்கம்போல் மருந்து. இடப்பக்கத்தில் ஒரு சொட்டும் கூடாது. இடப்பக்கம் தேறிய பிறகு வலப்பக்கத்துக்கும் நிறுத்தவேண்டும். ஒரு வழி திறந்திருப்பதால் மூச்சு முட்டும் என்ற பயம் இல்லை. அந்தப் பயம்தான் குப்பியைத் தேடவைப்பது.

இதற்குத் துணையாக ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்று எழுதிக்கொடுத்தார். பெயரைக் கேட்டதும் நான் மிரண்டேன், நீங்களும் மிரளலாம். மூக்கில் அடிக்கும் இந்த மருந்து வீக்கத்தை மெல்லத் தணிப்பது. சொட்டு மருந்தைப் போல ஆளை அடிமை கொள்வதில்லை. ஐந்து நிமிடத்தில் பயன் தெரியாது, சில நாள்கள் ஆகும். பயனில்லை என்று பலர் விட்டுவிடுவது அந்தச் சில நாள்களில்தான். அடிக்கும்போது மூக்கின் நடுச்சுவரை நோக்கி அடிக்காமல், வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்கவேண்டும். வலது நாசிக்கு இடக்கை, இடது நாசிக்கு வலக்கை என்று வைத்துக்கொண்டால் தானாகவே சரியாக அமையும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அதோடு உப்புநீர். கடையில் விற்கும் உப்புநீர் ஸ்பிரேயே போதும். ஜலநேதி பழகியவர்கள் வீட்டிலும் தயாரிக்கலாம்: கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் 250 மில்லி, அதில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேராத உப்பு. கொதிக்கவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழாய் நீரையோ குளத்து நீரையோ, தீர்த்தமே ஆயினும், மூக்கினுள் ஏற்றக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் உயிர்கள் போனது நினைவிருக்கும். அந்தக் கிருமி நீரோடு மூக்கின் வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

முதல் நான்கு இரவுகள் கடினமானவை, மறைக்கவில்லை. இடது நாசி கல்லாக அடைத்திருந்தது, தலையும் கனத்தது. இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுத்தேன். அந்த இரவுகளில் எனக்குக் கைகொடுத்தது இடகலை, பிங்கலை பற்றிய நம் பெரியோர் அறிவு. மூச்சு எப்போதும் இரு நாசியிலும் சமமாக ஓடுவதில்லை. ஒன்று தணிந்து மற்றது ஓங்கும், சில மணி நேரத்தில் மாறும். யோகியர் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஜெர்மனியில் கைசர் என்ற மருத்துவர் 1895-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க நாசி அடைப்பதும் இயல்பே. நானோ இரண்டு ஆண்டுகளாக, ஒரு பக்கம் சற்றே அடைத்தாலும் நோய் என்று பதறிச் சொட்டு விட்டிருக்கிறேன்! அன்றிரவு விழித்தபோது, மறுபுறம் திரும்பிப் படுத்துக் காத்திருந்தேன். அரைமணியில் உறக்கம் வந்தது.

மனைவி தினமும் மாலையில் சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் வைத்தாள். மருத்துவ அம்மையாரைக் கேட்டேன். சூட்டுக்கு இதமாக இருக்கும், குடியுங்கள் என்றார். அது அடைப்பை நீக்கிற்றா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் குற்றாலநாதருக்குக் கிடைப்பது எனக்கும் கிடைத்தது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கத் தொடங்கியபோது மருமகள், “மாமா, கொதிக்கிற பானையைத் தூக்காதீங்க, நான் வைக்கிறேன்” என்று தடுத்தாள். அதுவும் நியாயமே. நம் வயதில் மூக்கடைப்பைவிட வெந்நீர்க் காயம் ஆறுவதற்கு நாளாகும்.

பத்தாம் நாள் காலையில், பூஜைக்குச் சாம்பிராணி போட்டபோது இடது நாசியில் மணம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக மணமே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மேலும் சில நாள் பொறுத்து வலப்பக்கத்துக்கும் மருந்தை நிறுத்தினேன். முதல் பக்கம் கொடுத்த தைரியத்தில் இது எளிதாயிற்று. எல்லாம் சேர்த்து ஐந்து வாரம். இரத்த அழுத்தமும் பழைய மாத்திரையிலேயே 140-க்கு இறங்கியது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்பதில்லை. சிலருக்கு மூக்கின் நடுச்சுவர் கோணலாகவோ, உள்ளே சதை வளர்ந்தோ, ஒவ்வாமையாலோ அடைப்பு இருக்கும். சொட்டை விட்ட பிறகும் அது நிற்கும், அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீங்காமல் அடைத்து, இரத்தமும் கசிந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மூக்குப்பொடி நண்பரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பொடி டப்பியை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார்.

மருந்துக் கடைப் பையனிடமும் சொன்னேன். நல்ல பிள்ளை, முகம் வாடிவிட்டது. இப்போது அந்தக் குப்பியை யாருக்குக் கொடுத்தாலும் பேனாவால் அட்டை மேல் பெரிதாக “3 நாள்” என்று எழுதிக் கொடுக்கிறான். கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது.