ஊருக்குள் வராத பஸ்!

மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் கிளம்பத் தயாராக நிற்கும்போது, கோவில்பட்டிக்காரர்கள் ஏறுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?"

நெல்லைக்குப் போகிறவருக்கு பைபாஸ்தான் வசதி. நெரிசல் இல்லை, நேரமும் மிச்சம். ஆனால், கடலை மிட்டாய் பாக்கெட்டுகளோடு பஸ் ஜன்னலுக்கு ஜன்னல் நடக்கிறவருக்கும், ஸ்டாண்டு வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் அந்த பஸ்ஸால் என்ன பயன்? அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. சரக்கிலும் குறையில்லை. பாதை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது இணையத்திலும் ஒரு பைபாஸ் போட்டிருக்கிறார்கள்.

பத்து லிங்க் போய் ஒரு பதில் வந்தது

கூகுளில் ஒரு கேள்வி கேட்டால் முன்பெல்லாம் லிங்குகள் வரிசையாக வரும். நாம் அதில் ஒன்றிரண்டைத் திறந்து பார்ப்போம். திறந்த இடத்தில் ஒரு கடை இருக்கும், ஒரு போன் நம்பர் இருக்கும். தகவல் தேடிப் போனவர் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு திரும்புவதும் உண்டு.

இப்போது பல கேள்விகளுக்கு, திரையின் உச்சியிலேயே ஏ.ஐ ஒரு பதிலை எழுதிக் கொடுத்துவிடுகிறது. கூகுள் இதற்கு 'ஏ.ஐ ஓவர்வியூஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2024 மே மாதம் வந்த இந்த வசதி, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இந்தியாவுக்கும் வந்தது. தமிழிலும் தரப்போவதாக அக்டோபரில் கூகுள் அறிவித்தது. கேள்வி மேல் கேள்வி கேட்டு உரையாடும் 'ஏ.ஐ மோட்' 2025 ஜூலையில் இந்தியர்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கூகுள் பக்கமே போகாமல் சாட்ஜிபிடியிடம் நேராகக் கேட்பவர்கள் தனி.

இதனால் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், 2025 மார்ச்சில் 900 பேரின் இணையத் தேடல்களை ஆராய்ந்தது. ஏ.ஐ பதில் வராத தேடல்களில் 100-க்கு 15 முறை ஏதாவது ஒரு லிங்க்கை க்ளிக் செய்தார்கள். ஏ.ஐ பதில் வந்தபோது அது 8 ஆகக் குறைந்தது. அந்த ஏ.ஐ பதிலுக்குள்ளேயே கொடுத்திருந்த லிங்க்கைத் தொட்டது 100-க்கு ஒரே ஒரு முறைதான்.

கூகுள் இந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை. இணையதளங்களுக்குப் போகும் மொத்த க்ளிக்குகள் பெரிதாகக் குறையவில்லை, வருகிறவர்கள் முன்பைவிட அக்கறையோடு வருகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். பியூ சொல்வது அமெரிக்கக் கணக்கு. கோவில்பட்டிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால், பதில் மேலேயே கிடைத்த பிறகு கீழே எத்தனை முறை இறங்கிப் பார்க்கிறோம் என்பதை அவரவர் கைவிரலைக் கேட்டாலே தெரியும்.

ஊருக்குப் பேர்... கடைக்கு?

கோவில்பட்டி கடலை மிட்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-களில் பொன்னம்பல நாடார் தன் மளிகைக் கடையில் செய்து விற்ற பண்டம், மெல்ல மெல்ல ஊரின் அடையாளமாகவே ஆனது. கரிசல் காட்டு நிலக்கடலை, வெல்லம், பாகு பதம் தெரிந்த கை... இவைதான் மூலதனம். 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த சரக்கை 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். இந்தக் குறியீடு தனி ஒருவரின் சொத்து அல்ல. அந்த வட்டாரத்தில் முறைப்படி தயாரிக்கிற எல்லோருக்கும் பொதுவானது.

'கோவில்பட்டி கடலை மிட்டாய் ஏன் அவ்வளவு ஃபேமஸ்?' என்று ஏ.ஐ-யிடம் கேட்டுப் பாருங்கள். வரலாறு, மண், வெல்லம், குறியீடு என்று அழகாக ஒரு பத்தி வரும். ஊரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, சந்தோஷம்தான். ஆனால், அந்தப் பத்தியில் ஒரு கடையின் பெயர்கூட இல்லாமல் போகலாம். அந்த வரலாற்றைச் சிரமப்பட்டுத் தன் இணையதளத்தில் எழுதி வைத்த சின்னக் கடைக்காரரின் பக்கத்துக்கு யாரும் வந்து எட்டிப் பார்க்காமலும் போகலாம். எழுதியது அவர், பதில் சொல்வது வேறொருவர்.

சரி, வாசகர் அடுத்து 'எங்கே வாங்கலாம்?' என்று கேட்கிறார். அங்கே முன்னால் வந்து நிற்கும் வாய்ப்பு, ஏற்கெனவே ஆயிரம் பக்கங்களில் பெயர் அடிபடும் பெரிய ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குத்தான் அதிகம். குறியீடு ஊரைக் காப்பாற்றும். ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு கடையையும் அது கைப்பிடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தாது.

எந்தப் புதூர்?

கோவில்பட்டிக்காவது பெயர் இருக்கிறது. கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்திலிருக்கும் புதூருக்கு வாருங்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மிளகாய், மல்லி. அங்கே வற்றலும் பயறும் விற்கும் ஒரு சின்ன வியாபாரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசையாக ஓர் இணையதளம் தொடங்குகிறார். முகவரியில் 'மெயின் ரோடு, புதூர்' என்று மட்டும் போடுகிறார்.

அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே புதூர்தான். ஆனால், தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! மதுரையில் ஒரு புதூர் இருக்கிறது. கோவைப் பக்கம் போனால் இரண்டு ஊருக்கு ஒரு புதூர். ஆங்கிலத்தில் எழுதும்போதோ ஒருவர் 'டி' போடுவார், இன்னொருவர் 'டிஹெச்' போடுவார். உள்ளூர் போஸ்ட்மேனுக்குக் குழப்பமே வராது. மெஷினுக்கு வரும். எந்தப் புதூர் என்று தெரியாதபோது, அதிகம் பேசப்படுகிற புதூரைத்தான் அது எடுத்துக்கொள்ளப் பார்க்கும்.

பத்து லிங்க் வந்த காலத்தில், ஏழாவதாக வந்தாலும் யாராவது பார்க்க ஒரு வாய்ப்பு இருந்தது. ஒரே பதில் வருகிற காலத்தில் ஏழாவது இடம் என்று ஒன்றே கிடையாது. சின்னக் கடைகளுக்கு இதுதான் உண்மையான இழப்பு.

எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதே பியூ ஆய்வில், ஒன்றிரண்டு வார்த்தைகளில் தேடியபோது 100-க்கு 8 தேடல்களில்தான் ஏ.ஐ பதில் வந்தது. 'ஏன்', 'எப்படி', 'யார்' என்று கேள்வியாகக் கேட்டபோது 100-க்கு 60 தேடல்களில் வந்தது.

அதாவது, 'மிளகாய் வற்றலை எப்படிக் கெடாமல் வைப்பது?' என்று கட்டுரை எழுதி ஆள் சேர்க்கும் காலம்தான் ஆட்டம் காண்கிறது. ஒரு கடையின் பெயரைச் சொல்லியே தேடுகிறவர், அந்தக் கடையின் போன் நம்பரையும் வழியையும் மேப்பையும்தான் தேடுகிறார். அவருக்கு வேண்டியது கடை, கட்டுரை அல்ல. வற்றலைப் பற்றி ஏ.ஐ பக்கம் பக்கமாக எழுதலாம். ஒரு கிலோ வற்றலை அதனால் எடை போட்டுத் தர முடியாது.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்த சுந்தர் பிச்சை, சிறு வணிகர்கள் மொபைலிலேயே இலவசமாக இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதியை அறிவித்தார். அதை நம்பிப் பலரும் இணையதளம் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்த இலவசத் தளங்களை எல்லாம் மூடிவிட்டது. தேடி வந்தவர்களை அந்தக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பி விடுவதும் ஜூன் 10-ம் தேதியோடு நின்றது. விசிட்டிங் கார்டிலும் பாக்கெட்டிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்தவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்தவர் திண்ணையில் கடை போடலாம், தப்பில்லை. அது அடுத்தவர் திண்ணை என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் என்ன செய்யலாம்?

● ஊரை முழுசாகச் சொல்லுங்கள். வெறும் 'புதூர்' போதாது. வட்டம், மாவட்டம், பின்கோடு, பக்கத்துப் பெரிய ஊர் எல்லாம் வேண்டும். கடையின் பெயரும் போன் நம்பரும் இணையதளம், கூகுள் மேப், ஃபேஸ்புக், பில் என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

● கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரிபாருங்கள். இது இலவசம். மேப்பில் கடையைக் காட்டுவது இதுதான். திறக்கும் நேரம், விடுமுறை, புதிய போட்டோக்கள் ஆகியவற்றை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். கடையின் நம்பரை யாராவது மாற்றி வைத்திருந்தால் பணம் வேறு கைக்குப் போய்விடும்.

● நோட்டீஸைப் போட்டோ எடுத்துப் போட்டால் போதாது. பல சின்னக் கடைகளின் தளங்களில் விலைப்பட்டியல் முதல் முகவரி வரை எல்லாம் ஒரே படமாக இருக்கும். எழுத்தாக டைப் செய்து வையுங்கள். தேடுபொறிகளுக்கு அதைப் படிப்பது சுலபம்.

● உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். 'நிலக்கடலையின் நன்மைகள்' எல்லோரும் எழுதியாகிவிட்டது. புது வற்றல் உங்கள் கடைக்கு எப்போது வரும், இந்த வருடம் மழை எப்படி, குறைந்தது எத்தனை கிலோ அனுப்புவீர்கள், சென்னைக்கு பார்சல் செலவு எவ்வளவு, மிட்டாய் எத்தனை நாள் தாங்கும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் என்ன? இவற்றை நீங்கள் சொன்னால்தான் உண்டு. தமிழிலும் எழுதுங்கள்.

● ஏ.ஐ-யிடம் உங்கள் கடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தப்பாகச் சொன்னால், அது எங்கிருந்து எடுத்தது என்று லிங்க்கைப் பார்த்து, அங்கே போய்த் திருத்தச் சொல்லுங்கள். பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கலாம் என்று 2024-ல் இதே ஏ.ஐ ஓவர்வியூஸ் சொன்னது. பல வருடங்களுக்கு முன்பு இணையத்தில் யாரோ விளையாட்டாக எழுதியதை நிஜம் என்று நம்பிவிட்டது!

● வாடிக்கையாளரின் நம்பர்தான் உங்கள் சொத்து. ஒருமுறை வாங்கியவரிடம் அனுமதி கேட்டு வாட்ஸ்அப் நம்பரை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பார்சலிலும் கடைப் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருக்கட்டும். அடுத்த முறை அவர் கூகுளையும் ஏ.ஐ-யையும் தேட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. 'மாதம் இவ்வளவு கொடுங்கள், ஏ.ஐ பதிலில் உங்கள் கடையை முதலில் வரவைக்கிறோம்' என்று யாராவது போன் செய்தால், எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லும் மெஷின் இது. அதன் வாயில் இன்ன பெயர்தான் வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

வாங்குகிறவர் கையில் இருப்பது

கடைக்காரர் மட்டும் மாறினால் போதுமா? செய்தி நிறுவனங்களும் இணையதளங்களும் இதை எதிர்த்து வெளிநாடுகளில் வழக்கு போட்டிருக்கின்றன. தங்கள் எழுத்தை எடுத்து இணையத்தளங்களுக்குப் பயனில்லாமல் செய்வது நியாயமா என்று கேட்கின்றன. ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் இது பற்றி விசாரணையைத் தொடங்கியது. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். புதூர் வற்றல் கடைக்கு யார் இருக்கிறார்?

வாங்குகிற நாம்தான் இருக்கிறோம். ஏ.ஐ பதிலைப் படித்த பிறகு, அதன் கீழே இருக்கும் லிங்க்கை ஒருமுறை தொடலாம். பிடித்த கடையின் நம்பரை போனில் சேமித்து வைத்து, நேராகக் கூப்பிடலாம். சரக்கு நன்றாக இருந்தால், மேப்பில் ஊர்ப் பெயரும் வாங்கிய பொருளின் பெயரும் சேர்த்து இரண்டு வரி எழுதலாம். செலவு ஒரு நிமிடம்தான். அடுத்து யாராவது தேடும்போது, அந்தக் கடை இருக்கிறது என்பதற்கு அந்த இரண்டு வரி சாட்சி சொல்லும்.

பைபாஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அவசரத்துக்கு அதுதான் வழி. ஆனால், வாங்க வேண்டிய பொருள் ஊருக்குள் இருக்கும்போது, ஏறுவதற்கு முன் அந்தக் கோவில்பட்டிக்காரர் போல ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

"அண்ணே, ஊருக்குள்ள போகுமா?"