நாற்காலி போனால் தொழில் போகுமா?



சென்ற மாதம் ஒரு மாலை, பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கடை முன்னால் நின்றிருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என்னை நிறுத்தினார்.

"வாத்தியாரே, எங்க சின்னவனுக்குப் பதினாலு வயசாகுது. பந்துன்னா உயிர விடுறான். நீங்க பழையபடி திடலுக்கு வந்தா என்ன?" என்று கேட்டார்.

"பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நம் தோட்டத்தில் "பார்ப்போம்" என்றால் "மாட்டேன்" என்று பொருள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தத் தோட்டத்து இளைஞர்களுக்கு ஆறு ஆண்டுகள் காற்பந்து சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டேன். அன்று முதல் திடல் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதைவிடப் பெரிய கதை ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் என் கதையே எனக்கு விளங்கிற்று. முதலில் அதைக் கேளுங்கள்.

கூடைப்பந்து அமெரிக்காவில் பெரும் பணம் புரளும் தொழில். குழுவுக்கு ஒரு முதலாளி இருப்பார். அவருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடுவில் நிற்பவர் பயிற்றுநர். நம் மண்டோரைப் போல, மேலிருந்தும் கீழிருந்தும் ஏச்சு வாங்குகிற இடம் அது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் குழுவின் பெயர் லேக்கர்ஸ். 1979-ஆம் ஆண்டில் ஜெர்ரி பஸ் என்பவர் அதை விலைக்கு வாங்கினார். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, வீடு, நில வணிகத்தில் செல்வம் சேர்த்தவர் அவர். ஜாக் மெக்கின்னி என்பவரை அவர் பயிற்றுநராக அமர்த்தினார். மெக்கின்னி தம் நண்பர் பால் வெஸ்ட்ஹெட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

இந்த வெஸ்ட்ஹெட் நம்மைப் போல ஓர் ஆசிரியர். பிலடெல்பியா நகரில் லாசால் கல்லூரிக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியமும் கற்பித்தவர். ஷேக்ஸ்பியர் என்றால் அவருக்கு உயிர்.

அதே ஆண்டில் குழுவில் சேர்ந்தார் ஏர்வின் ஜான்சன் என்ற 20 வயது இளைஞர். பந்து அவர் கையில் செய்த வித்தையைக் கண்டு, பள்ளி நாளிலேயே அவருக்கு 'மேஜிக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 7 அடி 2 அங்குல உயரமுள்ள கரீம் அப்துல் ஜப்பார் ஏற்கெனவே அந்தக் குழுவில் இருந்தார். இத்தகைய இருவர் ஒரே குழுவில் இருந்தால் பயிற்றுநருக்கு வேறென்ன வேண்டும்?

போட்டிகள் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1979 நவம்பர் 8-ஆம் நாள், ஓய்வு நாள். வெஸ்ட்ஹெட்டுடன் டென்னிஸ் ஆடுவதற்காக மிதிவண்டியில் புறப்பட்டார் மெக்கின்னி. வழியில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றாகிவிட்டது.

நண்பரின் நாற்காலியில் வெஸ்ட்ஹெட் உட்கார வேண்டியதாயிற்று. போட்டிகளை வருணனை செய்துகொண்டிருந்த முன்னாள் ஆட்டக்காரர் பேட் ரைலி அவருக்குத் துணையாக வந்தார். அந்த ஆண்டு லேக்கர்ஸ் குழு 82 ஆட்டங்களில் 60-ஐ வென்று இறுதிச் சுற்றுக்குப் போனது. 1980 மே 16-ஆம் நாள் நடந்த ஆறாவது ஆட்டத்தில் கரீம் காயத்தால் ஆடவில்லை. இளைஞர் மேஜிக் அவர் இடத்தில் நின்று 42 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் வாகை சூடியது.

மெக்கின்னி உடல் தேறி எழுந்தபோது அவருக்கு அங்கே இடமில்லை. வென்று கொடுத்தவரையே முதலாளி வைத்துக்கொண்டார். மெக்கின்னி இந்தியானா மாநிலக் குழுவுக்குப் போனார். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த பயிற்றுநர் விருது அவருக்குக் கிடைத்தது. விழுந்த மனிதரின் திறமை விழவில்லை என்பதை உலகம் கண்டது. 2018-இல் அவர் காலமானார்.

இனி வெஸ்ட்ஹெட்டின் கதைக்கு வருவோம்.

அடுத்த பருவத்தில் மேஜிக் முழங்காலில் அடிபட்டு 45 ஆட்டங்களில் ஆடவில்லை. 1981-இல் லேக்கர்ஸ், தன்னிலும் எளிய ஹூஸ்டன் குழுவிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. ஆனாலும் முதலாளி மேஜிக்குடன் 25 ஆண்டுகளுக்கு 25 மில்லியன் அமெரிக்க வெள்ளி ஒப்பந்தம் செய்துகொண்டார். அப்போது அந்தப் பிள்ளைக்கு வயது 21. பயிற்றுநரைவிட ஆட்டக்காரர்தான் முதலாளிக்கு நெருக்கம் என்பது எல்லாருக்கும் வெளிச்சமாகிவிட்டது.

வெஸ்ட்ஹெட் அப்போது புதிய ஆட்டமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பெல்லாம் பந்து கிடைத்த மறுகணமே ஓடி, எதிரிகள் திரும்பி நிற்பதற்குள் கூடையில் போட்டுவிடுவார்கள். மேஜிக்குக்குப் பிடித்த ஆட்டம் அது. புதிய முறையில் ஒவ்வொருவரும் குறித்த இடத்தில் நிற்க வேண்டும். பந்து பெரும்பாலும் கரீமிடம் போக வேண்டும். ஓடிப் பழகிய குதிரையைச் செக்கில் பூட்டியது போல் ஆயிற்று. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பயிற்றுநர் தம் முறையை விட்டுக்கொடுக்கவில்லை.

1981 நவம்பர் 18-ஆம் நாள் இரவு, சால்ட் லேக் நகரில் யூட்டா குழுவை லேக்கர்ஸ் வென்றது. தொடர்ந்து ஐந்தாவது வெற்றி. ஆனால் ஆட்டத்தின் நடுவே தாம் பேசும்போது மேஜிக் கவனிக்கவில்லை என்று வெஸ்ட்ஹெட்டுக்குக் கோபம். ஆட்டம் முடிந்ததும் அவரைத் தனியறைக்கு அழைத்துப் போய்க் கண்டித்தார். வெளியே வந்த மேஜிக் நிருபர்களிடம், தமக்கு இங்கே மகிழ்ச்சியில்லை, வேறு குழுவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே வெஸ்ட்ஹெட் நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய 11 ஆட்டங்களில் 7-ஐ வென்றிருந்த பயிற்றுநர் அவர்!

இந்த முடிவைத் தாம் முன்பே எடுத்துவிட்டதாக முதலாளி பஸ் சொன்னார். மக்கள் நம்பவில்லை. புதிய பயிற்றுநர் யார் என்பதிலும் குழப்பம். பேட் ரைலியோடு ஜெர்ரி வெஸ்ட் என்ற புகழ்பெற்ற முன்னாள் வீரரும் பொறுப்பேற்பார் என்று நிருபர்கள் முன்னால் பஸ் அறிவித்தார். தாம் ரைலிக்கு உதவியாக மட்டுமே இருப்பேன் என்று அந்த இடத்திலேயே ஜெர்ரி வெஸ்ட் சொன்னார். கல்யாணப் பந்தலில் வந்து நின்றுகொண்டு மாப்பிள்ளை யார் என்று பேசியது போலத்தான்.

அடுத்த ஆட்டம் சொந்த ஊரில். மேஜிக் பெயரைக் கேட்டதும் கூட்டம் கூச்சலிட்டு ஏசியது. வாத்தியாரைத் துரத்திய பிள்ளை என்ற பழி அவர் தலையில் விழுந்தது. ஆனால் ரைலியின் தலைமையில் ஓட்டம் திரும்பி வந்தது. 1982-இல் லேக்கர்ஸ் மீண்டும் வாகை சூடியது. ரைலி அந்தக் குழுவுக்கு மொத்தம் நான்கு முறை வெற்றி தேடித் தந்தார். ஏசிய கூட்டமும் பிறகு கைதட்டியது.

அப்படியானால் நீக்கியது சரிதானே என்று கேட்பீர்கள். வெற்றி வந்தது உண்மை. அதனால் மட்டும் எல்லாம் நியாயமாகிவிடாது. மேஜிக் உள்ளே சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொன்னார். முதலாளி முன்பே முடிவு செய்திருந்தால், பழி ஓர் இளைஞர் தலையில் விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெஸ்ட்ஹெட்டோ, தாம் சொல்வது சரியா என்று பார்த்த அளவுக்கு, அது கேட்பவரின் மனத்தில் ஏறுகிறதா என்று பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் அடிக்கடி நேரும் பிழை அது. கரும்பலகையில் கணக்குச் சரியாக இருக்கும். பிள்ளையின் மண்டையில் ஒன்றும் இராது.

கதை இதோடு முடியவில்லை. 1994-ஆம் ஆண்டில் அதே லேக்கர்ஸ் குழுவுக்குப் பயிற்றுநராக மேஜிக்கே வந்தார். மொத்தம் 16 ஆட்டங்கள். ஐந்தை வென்றார், பதினொன்றைத் தோற்றார். கடைசிப் பத்தும் தொடர்தோல்வி. இக்காலத்து இளைஞர்கள் அக்கறையோடு ஆடவில்லை என்ற வருத்தத்தோடு பொறுப்பை விட்டு விலகினார். தாம் பேசும்போது கவனிக்காத முகங்கள் அவர் முன்னால் நின்றபோது, சால்ட் லேக் நகரத்துத் தனியறை அவர் நினைவுக்கு வந்திருக்குமோ?

வெஸ்ட்ஹெட் என்ன ஆனார்? சிகாகோ குழுவுக்குப் போனார்; அங்கே 28 வெற்றி, 54 தோல்வி. ஓராண்டில் வெளியேறினார். 1985-இல் லயோலா மேரிமவுண்ட் என்ற கல்லூரிக்குப் பயிற்றுநரானார். மெதுவான ஆட்டம் என்று குற்றம் சாட்டி நீக்கப்பட்ட அந்த மனிதர், ஓட்டத்தையே உயிராகக் கொண்ட குழுவை அங்கே உருவாக்கினார். 1989-90 பருவத்தில் அந்தப் பிள்ளைகள் ஆட்டத்துக்குச் சராசரியாக 122 புள்ளிகள் எடுத்தார்கள். அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் எந்தக் குழுவும் ஒரு பருவத்தில் அத்தனை எடுத்ததில்லை.

1990 மார்ச் 4-ஆம் நாள் அந்தக் குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஹாங்க் கேதர்ஸ் ஆடுகளத்திலேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 23. நொறுங்கிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, நாடு முழுவதிலும் கடைசி எட்டுக் குழுக்களில் ஒன்றாக வரும்வரை போனார் வெஸ்ட்ஹெட். கேதர்ஸின் தோழர் போ கிம்பிள், நண்பரின் நினைவாக, ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் முதல் தனி எறிதலை இடக்கையால் எறிந்தார். அத்தகைய பிள்ளைகளுக்கு ஆசானாக இருப்பதைவிடப் பெரிய நாற்காலி எது?

பிறகு டென்வர் குழுவில் மீண்டும் தோல்வி. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. 2007-இல், 68-ஆம் வயதில், பீனிக்ஸ் நகரப் பெண்கள் குழுவை வாகை சூட வைத்தார். அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைப் போட்டியிலும் பெண்கள் தொழில்முறைப் போட்டியிலும் வென்ற முதல் பயிற்றுநர் என்ற பெயர் அவருக்கே கிடைத்தது. 1981-இல் அவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

இனி என் கதை.

எங்கள் குழுவில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் இருந்தான். என்னிடம் ஒன்றாம் வகுப்பில் எழுத்துப் படித்தவன். காலில் பந்து பட்டால் மூவரைத் தாண்டிப் போவான். நான் நிற்கச் சொன்ன இடத்தில் மட்டும் நிற்க மாட்டான். ஒரு நாள், நாங்கள் வென்ற ஆட்டம் முடிந்ததும், எல்லார் முன்னாலும் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். வெஸ்ட்ஹெட்டாவது தனியறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை. "வாத்தியார் இருந்தா நான் ஆடமாட்டேன்" என்று அவன் செயற்குழுவினரிடம் சொல்லிவிட்டான். ஒரு வாரத்துக்குள், "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க சார்" என்றார்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஒரு நன்றிகூட இல்லை.

அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் நான் செய்த காரியம் நியாயமானதன்று. இப்போது அந்தப் பிள்ளை செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். வழியில் என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, "வணக்கம் சார்" என்பான். மூன்று ஆண்டுகளாக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். நாற்பதைத் தாண்டிய ஆசிரியன், இருபது வயதுப் பிள்ளையிடம் இப்படி நடந்துகொள்கிறான். அவனுக்கு இருந்த பண்பு எனக்கு இல்லாமல் போயிற்று.

என்னை நீக்கிய அன்று என் துணைவியார், "நாற்காலியைத்தானே எடுத்தாங்க, காலையா எடுத்தாங்க?" என்று கேட்டார். அன்று எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், முழு உண்மையையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பெற்றோர்களே, மண்டோர் வேலை போனது, கோயில் நிருவாகத்தில் பெயர் எடுபட்டது, சங்கப் பொறுப்பு கைமாறியது என்று நம்மில் எத்தனையோ பேர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறோம். பெண்டு பிள்ளைகளிடம்கூடப் பேசுவதில்லை. பொறுப்பைக் கொடுத்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். கைக்குள் இருக்கும் தொழிலை நாமாகக் கீழே போட்டால் ஒழிய, அதை யாரும் எடுக்க முடியாது. மூன்று ஆண்டுகளாக என் தொழிலைக் கீழே போட்டிருந்தவன் நான்தான், செயற்குழு அன்று.

கடை முன்னால் என்னிடம் கேட்ட அந்த ஐயாவுக்கு இதோ என் பதில். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சின்னவனைத் திடலுக்கு அனுப்புங்கள். எனக்குப் பதவி எதுவும் வேண்டாம். புதிய பயிற்றுநர் பெரிய பையன்களைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் திடலின் ஓரத்தில் சிறுவர்களை வைத்துக்கொள்கிறேன்.

லோரி ஓட்டும் தம்பிக்கும் ஒரு சொல். இந்தப் பக்கத்தை உன் அம்மா தவறாமல் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை வழியில் கண்டால் நீ வேகத்தைக் குறைக்கும் முன் நானே கையைக் காட்டி நிறுத்துவேன். முதல் வணக்கம் என்னுடையது. நேரமிருந்தால் நீயும் திடலுக்கு வா. மூவரைத் தாண்டிப் போவது எப்படி என்று அந்தச் சிறுவர்களுக்கு என்னால் சொல்லத்தான் முடியும். உன்னால் செய்து காட்ட முடியும்.