இன்சோலை மாற்றுமுன் ஸ்கேற்றைப் பாருங்கள்

பிள்ளைக்கு ஸ்கேற் வலிக்கிறது என்றதும் புதிய இன்சோல் ஒன்றை வாங்கிப் போடுவது ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கிப் பெற்றோர் பலரின் வழக்கம். சிலருக்கு உடனே சுகம் கிடைக்கிறது. சிலருக்கு வலி கூடிவிடுகிறது. இன்சோல் பாதத்தின் அடிப்பக்கத்தை மட்டும்தான் தாங்கும். இறுக்கமான ஸ்கேற்றுக்குள் அது மிச்சமிருக்கும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அதனால் எங்கே வலிக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். ஐஸில் இறங்கிய சில நிமிடங்களில் உள்ளங்கால் வளைவு பிடித்திழுத்தால், நல்ல இன்சோல் உதவக்கூடும். ஸ்கேற்றுடன் வருவது பெரும்பாலும் மெல்லிய நுரைத் தகடு. வளைவுக்குத் தாங்கல் இல்லாத பிள்ளை விரல்களை மடக்கி ஊன்றப் பார்க்கிறது, தசை களைத்துவிடுகிறது. சுண்டுவிரல் ஓரத்திலோ கணுக்கால் எலும்பிலோ வலித்தால் அது அகலப் பிரச்சினை. ஸ்கேற் நிறுவனங்களான பௌவர் 'ஃபிட் 1, 2, 3' என்றும், சீசீஎம் 'டேப்பர்ட், ரெகுலர், வைட்' என்றும் வடிவங்களைப் பிரித்து விற்கின்றன. வாங்கியாகிவிட்டதென்றால், கடையில் சுமார் 80 பாகை செல்சியஸில் சூடாக்கிக் காலுக்கேற்ப வார்த்துத் தருவார்கள்.

கணுக்காலின் முன்புறம் நாடா அழுத்தி வலித்தால் தடித்த இன்சோல் வேண்டவே வேண்டாம். அது பாதத்தை உயர்த்தி நாடாவோடு இன்னும் நெரிக்கும். நாடாவைத் தளர்த்தி, குதியைப் பின்னால் அமர்த்தி, மேலிருந்து மூன்றாவது துளைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைத்துப் பாருங்கள். பென்சில் இருபுறமும் படியாமல் பாதத்தில் தட்டி நின்றால் ஸ்கேற்றின் ஆழம் போதாது.

இன்சோலைத் தரையில் வைத்து, முழங்காலை மடித்து அதன்மேல் நிற்கச் சொல்லித் தேர்ந்தெடுங்கள். வளைவு நிரம்ப வேண்டும், கட்டியாக உறுத்தக்கூடாது. குதி அதன் கிண்ணத்தில் அசையாமல் இருக்க வேண்டும். கடையில் மெத்தென்று இருப்பதை நம்பாதீர்கள். அதில் நின்றால் ஸ்கேற்றின் பிளேட்டின் மேல் பாதம் தள்ளாடும். பழைய இன்சோலை எடுத்துவிட்டு, அதையே அச்சாக வைத்துப் புதியதன் விரல் பக்கத்தை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுங்கள்.

எனக்கு உண்மையில் வேதனை தருவது வேறொன்று. ஸ்கேற்றின் அளவு பொதுவாகச் சப்பாத்தின் அளவைவிட 1 முதல் 1.5 வரை குறைவு. அப்படியிருந்தும், வளரும் பிள்ளைதானே என்று பெரிதாக வாங்கி, இடைவெளியை இன்சோலால் நிரப்புகிறோம். ஸ்கேற் விலை தெரிந்தவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் நீளத்தில் இருக்கும் இடைவெளியை இன்சோல் அடைக்காது. குதி மேலெழும், கணுக்கால் உட்பக்கம் சரியும். பிள்ளைக்குக் கணுக்கால் பலமில்லை என்று நாமே சொல்லத் தொடங்குவோம். பிள்ளையும் அதை நம்பிவிடும்.

பணம் தட்டுப்பாடென்றால் சரியான அளவில் பாவித்த ஸ்கேற் வாங்குங்கள். அதிலுள்ள இன்சோல் முந்தைய பிள்ளையின் பாதத்துக்குப் படிந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள். அந்தச் செலவு தகும்.

(கட்டுரையாளர், ரொறன்ரோவில் காலணிப் பொருத்த வல்லுநர்)