ஆசிரியர்க்கு வேண்டுவது யாது?

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வெள்ளவத்தை ஆசிரியர் யாமும் கைத்தொலைபேசியையே வகுப்பறையாகக் கொண்டோம். பாமினி எழுத்துருவில் அமைந்த வினாத்தாள்கள் பல, மாணவர் கையிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றின. ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வரிவடிவை வைத்தது அவ்வெழுத்துரு. அஃதில்லாக் கருவியில் தமிழும் இல்லை. ஒருங்குறியில் இவ்விடர் இல்லை. இதனை விளக்க அரைமணி போதும், விளக்குவார்தாம் அரியர். கருவி வழங்கும் விழாக்களுக்கோ குறைவில்லை!

பொத்தான்களைக் காட்டியகலும் ஒருநாட் பயிற்சியாற் பயனென்ன? 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் பல உள. அவற்றுள் ஒன்றை வகுப்பிற் பயன்படுத்தும் முறையைச் சகதமிழாசிரியர் ஒருவர் அருகிருந்து காட்டின் ஏனையோர் கற்பர். பழைய மாணவருட் கணினி வல்லார் பலர். புதுக்கருவி வாங்கித் தருமுன், மாதமொரு மாலை ஆசிரியரோடு அமர்வாராக.