வீட்டாசை விடாத துறவி

பெயருக்கும் குணத்துக்கும் சற்றும் பொருந்தாத பிராணி ஒன்று உண்டு. துறவி நண்டு என்பது அதன் பெயர். தன்னந்தனியே ஒரு கூட்டுக்குள் ஒடுங்கியிருப்பதைக் கண்டு யாரோ இப்பெயரை இட்டனர் போலும். ஆனால் வீட்டின்மேல் இத்துணைப் பற்றுக்கொண்ட ஜீவனைக் கடற்கரையிலே காண்பது அரிது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாப் பக்கத்திலே மூதூரும், அதனை அடுத்துக் கட்டைபறிச்சானும் இருக்கின்றன. மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலோடு கலப்பது இக்குடாவிலேதான். கடலும் களப்பும் அருகருகே அமைந்த இத்தகைய ஊர்களிலே, பிள்ளைகள் விடுமுறை நாளில் ஒரு துறவி நண்டைப் பிடித்துப் போத்தலில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது இயல்பே. இரண்டொரு நாளில் நண்டு இறந்துவிடுகிறது. பிள்ளை அழுகிறது, தாய் போத்தலைக் கழுவி வைக்கிறாள். ஏன் இறந்தது என்பதை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. நாம் விசாரிப்போம்.

முதலில், பிடித்தது எந்த நண்டு? இரவிலே உலர்ந்த மணலில் ஊர்ந்து திரிபவை தரைத் துறவி நண்டுகள். இவை குஞ்சுப் பருவத்தைக் கடலிலே கழித்தாலும், வளர்ந்தபின் ஈரக் காற்றைச் சுவாசித்து வாழ்பவை. நீர் நிறைந்த தொட்டியில் இட்டால் மூச்சடைத்து மாண்டுபோகும். அலை வந்து போகும் பாறைக் குட்டைகளில் நீருக்குள்ளேயே வாழ்பவை கடல் நண்டுகள். உவர்நீர்த் தொட்டிக்கு உரியவை இவையே.

அடுத்தது நீர். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மாரி காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்த நீரில் அவ்வளவு இராது. ஆகவே அக்காலத்தில் ஆற்று முகத்தருகே நீர் மொள்ளலாகாது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீரையே வார்க்க வேண்டும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு இட்டுவைத்தால் இது எளிது. செப்புக் குடத்தில் மட்டும் நீர் கொண்டுவர வேண்டாம். செம்பு நண்டினத்துக்குக் கொடிய நஞ்சு.

போத்தல் நண்டைக் கொன்ற பகைவர் இருவர். ஒன்று, காற்றோட்டமின்மை; இதற்குக் குமிழி எழுப்பும் சிறு பம்பி ஒன்று போதும். மற்றொன்று, கழிவிலிருந்தும் உண்ணாது எஞ்சிய இரையிலிருந்தும் தோன்றும் அமோனியா என்னும் நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். தொட்டியில் நீரும் மணலும் சிறிதளவு இரையும் இட்டு, அத்தனை நாள் பொறுத்திருப்பவரே நண்டை அழைத்துவரத் தகுதியுடையவர்.

இவையெல்லாம் இருந்தும் ஒன்று குறையுமாயின் பயனில்லை. அதுவே வீடு. இந்நண்டின் முன்பாகம் கடினமானது. பின்பாகமோ மிக மென்மையானது, நத்தையோட்டின் சுருளுக்கு இசையச் சுருண்டது. ஓட்டை இது தானே ஆக்குவதில்லை. நத்தை இறந்தபின் எஞ்சிய ஓட்டிலே குடிபுகுந்து, உட்புறத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் உடல் கிழிந்தாலும் பிடி தளராது. ஆயினும் உடல் வளரும், ஓடு வளராது. ஆகவே காலந்தோறும் புதுவீடு தேட வேண்டியதாகிறது.

கரையிலே பெரிய வெற்றோடு ஒன்று ஒதுங்கினால் நடப்பது வேடிக்கையானது. நண்டுகள் கூடிப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாய் நிற்கும். முதலாவது புதுவீட்டுக்குள் புகுந்ததும், அது விட்ட ஓட்டில் அடுத்தது புகும். அது விட்டதில் மூன்றாவது புகும். ஓர் ஓட்டினால் பல குடும்பங்கள் வீடு பெறுகின்றன! வெற்றோடு இல்லாத இடத்திலோ, ஒன்றையொன்று வெளியே இழுத்துப் போரிடும்.

எனவே தொட்டியில் நண்டொன்றுக்கு மூன்று நான்கு ஓடுகள், ஒன்றைவிட ஒன்று சற்றே பெரிதாக, இருத்தல் வேண்டும். வர்ணம் பூசியவை ஆகா. ஒருநாள் நண்டு அசைவற்றுக் கிடப்பதுபோல் தோன்றினால், அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். அது கழற்றிய மேற்சட்டையாகவும் இருக்கலாம். நண்டு மறைவிலே புதுத்தோல் இறுகும்வரை காத்திருக்கும்.

இங்கே நமக்கும் ஒரு கடமை உண்டு. அழகுக்காகக் கரையிலே நாம் அள்ளும் ஒவ்வொரு வெற்றோடும் ஒரு நண்டின் நாளைய வீடாகலாம். 2024இல் வெளியான ஆய்வொன்று, மக்கள் இணையத்தில் இட்ட நிழற்படங்களை ஆராய்ந்து, நம்முடைய குப்பையை ஓடாகச் சுமந்த 386 தரைத் துறவி நண்டுகளைக் கண்டறிந்தது. அவற்றுள் பெரும்பாலானவை சுமந்தவை பிளாஸ்டிக் மூடிகள்! உலகிலுள்ள 16 தரையினங்களுள் 10 இனங்கள் இவ்வாறு காணப்பட்டன.

மாணவர்களே, தொட்டி வைப்பது நல்ல கல்விதான். ஆனால் சில ஓடுகளை மட்டுமே எடுங்கள். பார்த்துப் படித்து முடிந்ததும், நண்டையும் ஓடுகளையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள். திரும்பும்போது கரையில் கிடக்கும் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். பெற்றோரும் உடன் சென்றால் பை விரைவில் நிறையும்.